சட்டம் படிக்க விரும்பும் பிள்ளைகளின் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். போன சனிக்கிழமை வகுப்பு முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு தாய் வந்து கேட்டார்: "மகள் சட்டம் படிக்கப் போறாவாம், டீச்சர். ஜிசிஎஸ்இயில ரெண்டு பாடம் குறைஞ்சு போச்சு. ஏ லெவல் நல்லாச் செய்தா அது மறைஞ்சிடும்தானே?"

மறையாது. இங்கே பிரித்தானியாவில் பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் அமைப்பான யூகாஸுக்கு அனுப்பும் விண்ணப்பத்தில், 16 வயதளவில் எழுதும் ஜிசிஎஸ்இ தொடங்கி, பிள்ளை எழுதிய பரீட்சைகளின் பெறுபேறுகள் எல்லாவற்றையும், குறைந்தவை உட்பட, குறிப்பிட வேண்டும். ஊரில் ஏ எல் புள்ளியை வைத்தே பல்கலைக்கழக அனுமதி நடந்ததைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது விளங்கச் சற்று நேரம் எடுக்கும்.

இங்கே பிள்ளை விண்ணப்பிப்பது 13ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில். பாடசாலை இறுதிப் பரீட்சையான ஏ லெவல் எழுதுவதோ அடுத்த கோடையில். ஆகவே ஏ லெவலுக்கு ஆசிரியர்கள் ஊகித்த தரங்கள் மட்டுமே அப்போது கையில் இருக்கும். முன்பு 12ஆம் ஆண்டு முடிவில், ஏ லெவலின் முதற் பகுதியாக எழுதிய ஏஎஸ் பரீட்சையின் பெறுபேறு இடையில் கை கொடுத்தது. 2015இல் தொடங்கிய மாற்றத்தில் இங்கிலாந்தில் அது ஏ லெவலிலிருந்து பிரிக்கப்பட்டது. பல பாடசாலைகள் அதைக் கைவிட்டும் விட்டன. எனவே பெரும்பாலான பிள்ளைகளுக்கு, எழுதி முடித்துக் கையில் இருக்கும் பெறுபேறு ஜிசிஎஸ்இ ஒன்றுதான்.

அதற்காக இரண்டு பாடம் குறைந்ததும் கதவு மூடிவிட்டதென்று பிள்ளையைத் திட்டாதீர்கள். கேம்பிரிட்ஜ், ஜிசிஎஸ்இயின் மிக உயர்ந்த தரமான 9 இத்தனை பாடத்தில் வேண்டுமென்று எல்லை வகுப்பதில்லை. ஒக்ஸ்போர்ட், பிள்ளை படித்த பாடசாலையின் பொதுவான நிலையோடு ஒப்பிட்டே ஜிசிஎஸ்இயைப் பார்க்கிறது. சட்டத்துக்கு ஆங்கிலம் முக்கியம். அதிலும் கணிதத்திலும் குறைந்தபட்சத் தரம் கேட்கும் இடங்கள் உண்டு. அந்த இரண்டையும் நவம்பரில் மீண்டும் எழுதலாம். புவியியலில் வந்த 5ஐ நினைத்து இரவெல்லாம் விழித்திருக்க வேண்டியதில்லை.

ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ், லண்டனிலுள்ள யூசிஎல், கிங்ஸ் கல்லூரி போன்றவை சட்டத்துக்கு எல்நாட் (LNAT) என்ற நுழைவுத் தேர்வும் கேட்கின்றன. 95 நிமிடத்தில் 42 பல்தேர்வு வினாக்கள், பிறகு 40 நிமிடத்தில் ஒரு கட்டுரை. மனப்பாடம் இங்கே உதவாது. ஒரு பந்தியை வாசித்து, எழுதியவர் எதை நிறுவாமலே எடுத்துக்கொண்டார் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒரு விண்ணப்பச் சுற்றில் ஒரு முறைதான் எழுதலாம். ஜிசிஎஸ்இயில் சறுக்கிய பிள்ளை தன் திறனைக் காட்ட நல்ல இடம் இதுவே என்பது என் எண்ணம். நம் வீடுகளில் நாளிதழின் கருத்துப் பக்கத்தை யாரும் திறப்பதில்லை, இன்றே தொடங்குங்கள்.

நோய், வீட்டில் மரணம், இடப்பெயர்வு போன்ற காரணத்தால் புள்ளி குறைந்திருந்தால் அதை மறைக்காதீர்கள். யூகாஸ் பரிந்துரையில் அதற்கென்றே ஒரு பகுதி உண்டு. அதை எழுதுவது பிள்ளையின் வார நாள் பாடசாலை. சனிக்கிழமைப் பள்ளியான நாங்கள் அல்ல. வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்டால் அவர்களுக்கு எப்படித் தெரியும்? 12ஆம் ஆண்டு முடியுமுன் போய்ப் பேசுங்கள். ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜுக்கு விண்ணப்ப முடிவு ஒக்டோபர் 15. கோடை விடுமுறைக்குப் பிறகு அவகாசம் மிகக் குறைவு.

வரும் சனிக்கிழமை வகுப்பு முடிந்த பின் ஒரு மணி நேரம் அலுவலகத்தில் இருப்பேன். பெறுபேற்றுத் தாளோடு வாருங்கள். பிள்ளையையும் கூட்டி வாருங்கள்; சட்டம் படிக்கப் போவது அவர்தானே.

அன்புடன்,
தலைமையாசிரியர்