வட்டத்துக்கு வெளியே எழுதிய ஐந்து சொற்கள்

மேலாளர்களுக்கும் மனிதவளத் துறையினருக்கும்,

வணக்கம்.

சென்ற மாதம் எங்களுக்காக அரைநாள் பயிற்சிப் பட்டறை ஒன்று நடத்தினீர்கள். பண்டைய கிரேக்க, ரோமச் சிந்தனை மரபான ஸ்டோயிக் தத்துவத்தின் வழியில் மனவுறுதி வளர்ப்பது என்பது தலைப்பு. பயிற்றுநர் பலகையில் பெரிய வட்டம் ஒன்றை வரைந்தார். நம் கட்டுப்பாட்டில் இருப்பவை உள்ளே, இல்லாதவை வெளியே. வெளியே அவர் எழுதிய சொற்கள் ஐந்து: இலக்கு, கெடு, பணிநேரம், விடுப்பு, ஆள் பற்றாக்குறை. இவற்றை நினைத்து மனத்தை வருத்திக்கொள்ளாதீர்கள் என்றார். கைதட்டிவிட்டு இருக்கைக்குத் திரும்பினோம்.

ஸ்டோயிக் தத்துவ ஆசிரியர் எபிக்டெட்டஸைப் பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பப் படிப்பவன் என்ற உரிமையில் ஒன்று சொல்கிறேன். அந்த ஐந்தில் ஒன்றுகூடப் புயலோ மழையோ அல்ல. அவை எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை என்பது சரிதான். உங்கள் கட்டுப்பாட்டில் அல்லவா இருக்கின்றன?

எபிக்டெட்டஸ் அடிமையாகப் பிறந்தவர். நம் வசத்தில் இல்லாதவை என்று அவர் அடுக்குவது உடல், உடைமை, நற்பெயர், பதவி ஆகியவற்றை. பதவியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதைப் பட்டறையில் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் முன்வரிசையில் சிலர் நெளிந்திருப்பார்கள்.

தத்துவத்தின்மேல் எனக்கு மனத்தாங்கல் ஏதும் இல்லை. குளிக்கப் போகுமுன் பொதுக் குளியலகத்தில் என்னவெல்லாம் நடக்கும் என்று நினைத்துக்கொள் என்கிறார் எபிக்டெட்டஸ்: தண்ணீர் தெறிப்பார்கள், இடிப்பார்கள், திட்டுவார்கள், திருடுவார்கள். வாராந்திர ஆய்வுக் கூட்டத்துக்கு நான் அப்படித்தான் போகிறேன். என் பேச்சை யார் பாதியில் வெட்டுவார், என் வேலையை யார் தன் வேலையாகச் சொல்லிக்கொள்வார் என்று கதவைத் திறக்குமுன்பே கணக்குப் போட்டுவிடுவேன். கணக்கு பெரும்பாலும் தப்புவதில்லை. ஆனால் முன்போல அன்றிரவு தூக்கம் கெடுவதில்லை. சினத்துக்கு நல்ல மருந்து தாமதம் என்று இன்னொரு ஸ்டோயிக்கான செனெகா எழுதியதும் எனக்குப் பலமுறை கைகொடுத்திருக்கிறது. எழுதி அனுப்பாமல் அழித்த மின்னஞ்சல்களே அதற்குச் சாட்சி.

இதே மருந்தை அடுத்தவருக்குப் புகட்டி நானும் பிழை செய்திருக்கிறேன். என் பக்கத்து இருக்கையில் இருந்தவர் இருவர் வேலையை ஒருவராகச் செய்துகொண்டிருந்தார். ஒருநாள் மாலை என்னிடம் குமுறியபோது, “நம் கையில் இல்லாததை விட்டுவிடுங்கள்” என்று ஞானி போலச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. அவரோடு சேர்ந்து போய் உங்களிடம் முறையிடுவது என் கையில்தான் இருந்தது. அதைச் செய்யாமல் தத்துவத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். இரண்டு மாதத்தில் அவர் வேலையை விட்டுப் போய்விட்டார்.

ஸ்டோயிக்குகள் போற்றிய நான்கு அறங்களில் நீதியும் ஒன்று. வாயை மூடிக்கொண்டிருப்பது அந்த நான்கில் இல்லை. ஹெல்விடியஸ் பிரிஸ்கஸ் என்ற செனட்டரை, அதாவது ரோம ஆட்சிமன்ற உறுப்பினரைப் பற்றி எபிக்டெட்டஸே சொல்கிறார். செனட்டுக்கு வராதே என்று பேரரசர் வெஸ்பாசியன் ஆளனுப்புகிறார். என்னை நீக்குவது உங்கள் உரிமை, உறுப்பினனாக இருக்கும்வரை வருவது என் கடமை என்பது இவர் பதில். சரி, வந்தால் பேசாதே என்கிறார் பேரரசர். என் கருத்தைக் கேட்காதீர்கள், பேசமாட்டேன் என்கிறார் இவர். கேட்டுத்தான் ஆகவேண்டுமே என்று பேரரசர் சொன்னால், எனக்குச் சரியென்று பட்டதைச் சொல்லித்தான் ஆகவேண்டுமே என்கிறார். இந்த உரையாடலையும் அடுத்த பட்டறையில் சேர்க்கலாமே?

பயிற்றுநர் அடிக்கடி எடுத்துக்காட்டிய மார்க்கஸ் அரேலியஸ் கி.பி. 161 முதல் 180 வரை ரோமை ஆண்ட பேரரசர். அதாவது அவர் உங்கள் இருக்கையில் இருந்தவர். ‘தியானங்கள்’ என்று இன்று நாம் படிக்கும் குறிப்புகளைத் தனக்காக எழுதினார். படைவீரர்களை வரிசையாக உட்காரவைத்து வாசித்துக் காட்டுவதற்காக அல்ல. அதன் முதல் பகுதியில், யாரிடம் எதைக் கற்றேன் என்று நன்றியோடு நினைவுகூர்கிறார். அவசியம் இல்லாமல் ‘எனக்கு நேரமில்லை’ என்று அடிக்கடி சொல்லவோ கடிதத்தில் எழுதவோ கூடாது என்பது அப்படி ஒருவரிடம் கற்ற பாடம். தன் வளர்ப்புத் தந்தை அன்டோனைனஸ் பயஸைப் பற்றி அவர் சொல்வதை விடுப்புக் கோப்புகளில் ஒட்டிவைக்கலாம்: நண்பர்கள் தன்னோடு விருந்துண்ணவோ பயணம் வரவோ வேண்டும் என்று அவர் கட்டாயப்படுத்தியதில்லை, வேறு வேலையால் வரமுடியாதவர்களிடம் அவர் முகம் மாறியதும் இல்லை. விடுப்பு கேட்டவர் மறுநாள் காலை வணக்கம் சொன்னால் உங்களில் எத்தனை பேர் நிமிர்ந்து பார்க்கிறீர்கள்?

செனெகாவின் 47ஆம் கடிதம் இன்னும் நேரடியானது. உனக்கு மேலிருப்பவர் உன்னிடம் எப்படி நடக்கவேண்டும் என்று விரும்புகிறாயோ, அப்படி உனக்குக் கீழிருப்பவரிடம் நட என்று அதில் எழுதுகிறார். அவரும் பெரும் பணக்காரர், ரோமப் பேரரசர் நீரோவின் அவையில் இருந்தவர், சொன்னபடியெல்லாம் வாழ்ந்தவர் அல்லர் என்ற குற்றச்சாட்டு அவர்மேல் உண்டு. இருக்கட்டும். அந்த அறிவுரையை அவர் அடிமைகளுக்கு எழுதவில்லை, எசமானர்களுக்கு எழுதினார்.

ஆகவே அடுத்த பட்டறையை உங்களுக்கென்று நடத்துங்கள். அதே வட்டம், அதே ஐந்து சொற்கள். எது உள்ளே வரும், எது வெளியே நிற்கும் என்று நீங்களே எழுதுங்கள். நாங்கள் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கிறோம்.

என் பக்கத்து நாற்காலி இன்னும் காலியாகவே இருக்கிறது. அதற்கு ஆள் எடுப்பது எந்தப் பக்கம் வருகிறது என்பதை மட்டும் எழுத்தில் தெரிவித்தால் போதும்.

இப்படிக்கு,
இரண்டு மேசைகளின் வேலையைப் பார்க்கும் ஊழியன்