அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளிக் கடைசி ஆண்டுப் பிள்ளைகளின் பெற்றோர் கவனத்திற்கு

வணக்கம். கல்லூரிச் செலவுக்குக் கூட்டரசின் உதவி கேட்கும் ஃபாஃப்சா (FAFSA) படிவம் வழக்கமாக அக்டோபர் 1 அன்று திறக்கும். மாணவருக்கும் பெற்றோருக்கும் தனித்தனி இணையக் கணக்கு வேண்டும். இரண்டுக்கும் ஒரே மின்னஞ்சலைக் கொடுத்தால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள். பெற்றோரின் ஒப்புதலும் கையொப்பமும் இல்லாமல் படிவம் முழுமையாகாது. பலருடைய படிவம் நின்றுபோவது இந்த இடத்தில்தான். ஹெச்-4 விசாவில் (ஹெச்-1பி போன்ற வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தினருக்கான விசா) உள்ள பிள்ளைகளுக்குக் கூட்டரசு உதவி கிடையாது. அவர்கள் கல்லூரிகளே தரும் உதவித்தொகையைத் தேடவேண்டும்.

பல கல்லூரிகளுக்கு ஒரே படிவத்தில் விண்ணப்பிக்க உதவும் காமன் ஆப்பில் எழுதும் கட்டுரைக்கு உச்சவரம்பு 650 சொற்கள். பரிந்துரைக் கடிதத்தை ஒரு மாதம் முன்பே கேட்டுவிடுங்கள்.

ஒரே கல்லூரிக்கு முன்கூட்டியே உறுதி கொடுத்து விண்ணப்பிக்கும் ‘எர்லி டிசிஷன்’ போட்டு இடம் கிடைத்தால் சேர்ந்தாக வேண்டும், மற்றக் கல்லூரிகளின் உதவித்தொகையோடு ஒப்பிட வழியில்லை. பணம் முக்கியமென்றால் அதைத் தவிர்ப்பதே நல்லது.

கம்யூனிட்டி காலேஜ் (இரண்டாண்டுக் கல்லூரி) என்றால், எந்தப் பாடங்களின் கிரெடிட் (முடித்த பாடத்துக்கான அலகு) பின்னர் சேரும் பல்கலைக்கழகத்துக்கு மாறும் என்று சேருமுன் கேளுங்கள். கல்லூரி வேண்டாம் என்றால், வேலை செய்துகொண்டே தொழில் கற்கும் எலக்ட்ரீஷியன் அப்ரண்டிஸ் பயிற்சியில் சம்பளமும் உண்டு. ஆனால் அல்ஜீப்ரா கேட்பார்கள், கணக்கைக் கைவிட வேண்டாம்.