யார் பெயரைப் போடுவது?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரமே வந்தது. மகளுக்கு உங்கள் ஊரிலேயே வேலை கிடைத்ததில் எனக்கும் நிம்மதி. பதில் தாமதமானதற்குக் காரணம் ஒரு ஆய்வுக் கட்டுரை. அதில் யார் பெயரைப் போடுவது என்று பத்து நாளாக மனசு சரியில்லை.

இரண்டு வருடம் வார்டு வார்டாக அலைந்து நோயாளிகளிடம் தகவல் சேகரித்தவள் என் மாணவி. கேள்வித்தாளில் பாதி அவள் யோசித்தது. பிப்ரவரியில் கல்யாணமாகி வேறு ஊர் போய்விட்டாள். துறையில் மூத்தவர் ஒருவர், "எழுதாதவர் எப்படி ஆத்தர் ஆவார்? நன்றி என்று ஒரு வரி போடு" என்றார். கூடவே தன் பெயரையும் சேர்க்கச் சொன்னார். அவர் இன்னும் வரைவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அப்புறம் விதியையே எடுத்துப் படித்தேன். மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது: ஆய்வில் கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்குச் சம்மதம், தவறு வந்தால் பதில் சொல்லும் பொறுப்பு. கடைசியானது 2013இல் சேர்ந்தது. நான்கும் வேண்டும். ஆனால் அங்கேயே இன்னொன்றும் இருக்கிறது. ஆய்வில் பங்கெடுத்தவருக்கு வரைவைப் படித்துத் திருத்த வாய்ப்புக் கொடுக்க வேண்டும். வாய்ப்பே தராமல் 'நீ எழுதவில்லை' என்று ஒதுக்கக் கூடாது. எத்தனை வருடம் இந்த விதியைச் சொல்லி எத்தனை பேரை நாம் விட்டிருக்கிறோம் என்று நினைத்தால் வலிக்கிறது.

ஜோஸ்லின் பெல் ஞாபகம் இருக்கிறதா? 1967இல் கேம்பிரிட்ஜில், நாளுக்குக் கிட்டத்தட்ட 30 மீட்டர் காகிதச் சுருளைக் கண்ணால் அலசி, பல்சர் என்ற, சீராகத் துடிக்கும் ரேடியோ அலைகளை அனுப்பும் விண்மீனின் தடயத்தைப் பிடித்தவர். 1974 நோபல் பரிசு அவருடைய வழிகாட்டி ஹியூவிஷுக்கும் இன்னொரு கேம்பிரிட்ஜ் வானியலாளர் ரைலுக்கும் போனது. ஆனால் அதை அறிவித்த 1968 நேச்சர் இதழ்க் கட்டுரையில் ஐந்து பெயர்களில் இரண்டாவதாக பெல்லின் பெயர் இருக்கிறது. அது அங்கே இருப்பதால்தான், ஏன் விட்டார்கள் என்று இன்றும் நம்மால் கேட்க முடிகிறது.

என் மாணவிக்கு வரைவை அனுப்பினேன். நாலே நாளில் திருத்தி அனுப்பிவிட்டாள். பாதியில் வராமல் நின்றவர்களை இரண்டாம் அட்டவணையில் நான் இரண்டு முறை எண்ணியிருந்தேன். கண்டுபிடித்தது அவள்தான். முதல் பெயராக அவளையே போடுகிறேன்.

மூத்தவரிடம் திங்கட்கிழமை பேச வேண்டும். பயமாகத்தான் இருக்கிறது. பேசிவிட்டு உனக்கு ஃபோன் செய்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்