சிற்பியின் வகுப்பறை

ஆசிரியருக்கு,

சுடுமண் சிற்பக் கலைஞர்களைப் பற்றிய கட்டுரை நன்றாக இருந்தது, ஆனால் வகுப்பெடுப்பதை ஏதோ வயிற்றுப்பாட்டுக்கான பக்க வேலை மாதிரி எழுதியிருந்தது எனக்கு ஒப்பவில்லை. ஜெர்மனியில் பிறந்த ரூத் டக்வொர்த்தைப் பாருங்கள். இங்கிலாந்தில் கல்லறைக் கற்கள் செதுக்கியவர், களிமண்ணுக்கு வந்து, 1964இல் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குக் கற்பிக்கப் போனார். புவி இயற்பியல் கட்டடத்தின் நுழைவுக்கூடச் சுவர்களில் அவர் செய்த பெரிய சுடுமண் சிற்பம் அங்கே கற்பித்த காலத்தில் பிறந்ததுதான்.

நானும் சில ஆண்டுகள் மண் பிசையக் கற்றுக்கொடுத்தவன். சூளையில் சிலை வெடித்தால் உள்ளே காற்றுக் குமிழி என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு மாணவி, குமிழி இருந்தும் நன்றாகக் காய்ந்த துண்டு ஏன் வெடிக்கவில்லை என்று கேட்டபோதுதான் யோசித்தேன்: வெடிக்க வைப்பது பெரும்பாலும் தடித்த இடத்தில் தங்கிய ஈரம், நூறு டிகிரி தாண்டியதும் ஆவியாகி வெளியேற வழி தேடுகிறது. அதன் பிறகுதான் என் சிலைகளையும் உள்ளே குடைந்து, சுவரை ஒரே கனமாக வைக்க ஆரம்பித்தேன். சரி, சூளை நேரத்தில் பாதியை மாணவர்களின் கிண்ணங்கள் பிடித்துக்கொள்ளும் என்பதும் உண்மைதான், அந்த எரிச்சலை மறைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்