வியாழன் பின்னேரமும் ஞாயிற்றுக்கிழமையும்

அன்புள்ள மச்சாள்,

நீ அனுப்பிய திட்டத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவ சிரித்த சிரிப்பு ரொறன்ரோ வரைக்கும் கேட்டிருக்கும். ஆறு நாளில் எட்னா எரிமலை, தவோர்மினா, சிரகூசா, அக்ரிஜெந்தோ எல்லாம் பார்த்துவிட்டு, கடைசியில் நாங்கள் இருக்கிற ஊருக்கு "பலெர்மோ, அரை நாள்" என்று எழுதியிருக்கிறாய். சிசிலி மத்தியதரைக் கடலிலேயே பெரிய தீவு, 25,000 சதுர கிலோமீட்டருக்கும் மேலே. பலெர்மோவிலிருந்து எட்னா அடிவாரத்துக் கத்தானியாவுக்கு ரயிலில் போகவே மூன்று மணித்தியாலம் ஆகும், திரும்பி வர இன்னும் மூன்று. இந்தக் கணக்கில் நீ நல்லாகப் பார்த்துவிட்டுப் போகப்போவது ரயில் ஜன்னலைத்தான்.

எட்னாவைப் பற்றி என்னிடம் கேட்காதே, இத்தனை வருடத்தில் ஒரு தரம்தான் போயிருக்கிறேன். எங்கள் குடும்பம் இந்தத் தீவைப் பார்த்த விதமே வேறு. இங்கே வீட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு வியாழன் பின்னேரமும் ஞாயிற்றுக்கிழமையும் ஓய்வு என்பது பழைய வழக்கம். அம்மா அப்படித்தான் வேலை செய்தா. ஆகவே வியாழன் மத்தியானம் புறப்பட்டு இருட்டுவதற்குள் எங்கே போய்வரலாம், ஞாயிறு முழுக்கக் கிடைத்தால் எவ்வளவு தூரம் போகலாம், இந்த இரண்டு கணக்குக்குள்தான் நான் வளர்ந்தேன். கீழே வருவதெல்லாம் அந்தக் கணக்கில் அகப்பட்ட இடங்கள்.

முதலில் மலை. ஊருக்கு வடக்கே கடலோரமாக நிற்கிற மொந்தே பெல்லெக்ரினோ, 600 மீற்றர் உயரம். உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு குகை, அதற்குள் சாந்தா ரொசாலியாவின் கோவில். 12ஆம் நூற்றாண்டில் பெரிய வீட்டுப் பெண் ஒருத்தி எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்த மலையில் வந்து தனியே தவம் இருந்தாளாம். 1624இல் ஊரைக் கொள்ளைநோய் பிடித்தபோது அவளுடைய எலும்புகள் இங்கே கிடைத்தன. அவற்றை ஊர்வலமாகக் கொண்டுபோன பிறகு நோய் நின்றது என்பது பலெர்மோக்காரரின் நம்பிக்கை. வாசலில் பார்த்தால் சாதாரண தேவாலயம் மாதிரித்தான் இருக்கும். உள்ளே நாலு அடி வைத்ததும் கூரை பாறையாகிவிடும். பாறையிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பிடிக்க மேலே தகரப் பீலிகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும், கண்ணாடிக்குப் பின்னால் பொன் உடுப்போடு ரொசாலியா சாய்ந்து படுத்திருப்பாள். நேர்த்தி வைத்தவர்கள் கொடுத்த வெள்ளிக் கை, கால், கண் எல்லாம் இருக்கும்.

ஒரு ஞாயிறு அங்கே போய்ப் பார், பாதிச் சனம் எங்கள் ஆட்கள்தான். வேதக்காரரும் சைவக்காரரும் ஒன்றாக நிற்பார்கள். இத்தாலியப் பேராசிரியர்கள் இதைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரையெல்லாம் எழுதியிருக்கிறார்கள். அம்மாவைக் கேட்டால், "மடு மாதாவிடம் போகேக்க மட்டும் ஆரும் சமயம் பார்த்தவையோ?" என்பா. அதோடு முடிந்தது ஆராய்ச்சி. இன்னொன்றும் சொல்வா: யாழ்ப்பாணத்தில் ஏறுவதற்கு ஒரு மேடுகூட இல்லை, நேர்த்தி வைத்து மலை ஏற வேண்டுமென்றால் கதிர்காமம் வரை போக வேண்டும், இங்கே பஸ்ஸில் அடிவாரத்துக்கே கொண்டுபோய் விடுகிறார்கள். (பஸ் வந்தால். நான் எழுதுகிற எந்த பஸ்ஸுக்கும் இந்த அடைப்புக்குறி பொருந்தும்.)

சந்தை என்றால் பல்லரோ. வெளியூர்க்காரர் வுச்சிரியாவுக்குப் போவார்கள், அது இப்போது இரவில் குடிக்கிற இடம், பகலில் சந்தை என்று சொல்ல அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. பல்லரோவுக்குக் காலையில் வெள்ளன போ. வியாபாரிகள் ராகம் போட்டுக் கூவுவதற்கு இங்கே ஒரு பெயரே உண்டு, அப்பன்னியாத்தா. திருநெல்வேலிச் சந்தையில் அம்மம்மாவோடு நின்ற மாதிரி இருக்கும், வாள்மீன் தலைகள் மட்டும்தான் புதிது. அங்கே முதலில் பனெல்லே சாப்பிடு: கடலை மாவைத் தண்ணீரில் களியாகக் கிண்டி, பரத்தி, ஆறவிட்டு, துண்டு வெட்டிப் பொரித்து, எள்ளுப் போட்ட பாணுக்குள் வைத்துத் தருவார்கள். தேசிக்காய் பிழிந்து சாப்பிட வேண்டும். அப்புறம் தைரியம் இருந்தால் மண்ணீரல் பாண். மாட்டு மண்ணீரலை அவித்துப் பன்றிக் கொழுப்பில் வதக்குவது, ஆகவே அம்மாவிடம் சொல்லாதே. தேசிக்காய் மட்டும் விட்டால் அதற்குக் "கன்னி" என்று பெயர், சீஸ் போட்டால் "கலியாணம் கட்டினது". கடைக்காரர் உன்னைப் பார்த்து எது வேண்டும் என்று கேட்கும்போது பதில் சொல்லுவதற்கு முன் ஒரு தரம் யோசி, சுற்றி நிற்கிற கிழவர்கள் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள்.

சந்தையிலிருந்து பியாத்சா மரீனாவுக்கு நடந்தே போகலாம். நடுவில் இருக்கிற பூங்காவில் ஒரு மரம், ஆலமரத்தின் அவுஸ்திரேலியச் சொந்தக்காரன். விழுதுகள் இறங்கித் தூண் தூணாக நிற்கும். சின்ன வயதில் நான் அதை ஆலமரம் என்றுதான் நினைத்திருந்தேன், பள்ளிக்கூடத்தில் ஃபிகுஸ் என்று சொல்லித் தந்தபோது ரீச்சரோடு சண்டை. அதற்குக் கீழே இருந்து ஒரு மணித்தியாலம் சும்மா இரு, மச்சாள். உன் திட்டத்தில் சும்மா இருக்கிறதுக்கென்று ஓர் இடம்கூட இல்லை.

தேவாலயங்கள் கனக்க இருக்கின்றன, இரண்டு போதும். நோர்மன் அரண்மனைக்குள் இருக்கிற பலத்தீனா சிற்றாலயம் 1140இல் திறந்தது. கட்டுவித்தவன் கிறிஸ்தவ அரசன் இரண்டாம் ரொஜர், சுவரில் கிரேக்கப் பாணிப் பொன் மொசைக், மேலே தேன்கூடு மாதிரித் தொங்குகிற மரக்கூரை, அது முஸ்லிம் கைவினைஞர்களின் வேலை. எல்லாரும் பலிபீடத்தைப் படம் எடுப்பார்கள், நீ கூரையைப் பார். குடிக்கிறவர்கள், வாத்தியம் வாசிக்கிறவர்கள் என்று சின்னச் சின்ன ஆட்கள் தெரிவார்கள். மற்றது மொன்றியாலே, மலைமேல், பஸ்ஸில். 6,000 சதுர மீற்றருக்கு மேல் மொசைக், பக்கத்து முற்றத்தில் இரண்டிரண்டாக நிற்கிற 228 தூண்கள். நோவா பேழை செய்கிற படத்தில் தச்சர்கள் வாளால் மரம் அரிகிறார்கள், அப்பா அந்த இடத்தை விட்டு நகரமாட்டார். தோளை மூடுகிற சட்டை போட்டுக்கொண்டு போ.

மொந்தெல்லோ கடற்கரை அழகுதான், 1913இல் கட்டிய பழைய குளிப்பு மாளிகை கடலுக்குள்ளே கால் ஊன்றி நிற்கும். ஆனால் கோடையில் மணல் முழுக்கக் குடைகளும் கூலிக்கு விடுகிற கதிரைகளும் வந்துவிடும். எனக்குப் பிடிக்காது. ஐஸ்கிரீமைப் பணிசுக்குள் வைத்துத் தருவதை மட்டும் சாப்பிட்டுவிட்டு வா. கிழக்கே கடலோர ஊர் செஃபலுவுக்கு ரயிலில் ஒரு மணித்தியாலம்தான், எல்லாரும் போகிறார்கள், நீயும் போ. தேவாலயத்தைப் பார்த்த பிறகு கல்படி இறங்கிப் பழைய துணி துவைக்கிற துறையைத் தேடிப் பிடி, பாறைக்கடியில் இருந்து குளிர்ந்த தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும்.

முழு ஞாயிறும் காரும் இருந்தால் மேற்கே. திராப்பனிக்குத் தெற்கே உப்பளங்கள், நடுவே பழைய காற்றாலைகள். கோடையில் உப்பு அள்ளிக் குவித்து, மழைக்கு முன்னால் குவியல்களுக்கு ஓடு வேய்ந்து மூடுவார்கள், வீட்டுக்கூரை மாதிரியே. அப்பா ஆனையிறவு உப்பளத்தில் கொஞ்சக் காலம் வேலை செய்தவர் என்பது உனக்குத் தெரியும். முதல் தரம் இங்கே கொண்டுபோனபோது, குனிந்து ஒரு கல் எடுத்து நாக்கில் வைத்துவிட்டு, "எங்கட உப்புத்தான்" என்றார். அதற்குப் பிறகு வீடு வந்து சேரும்வரை கதையே இல்லை.

அந்தப் பக்கத்து மலைகளுக்குள் பழைய ஜிபெல்லினா. 1968 ஜனவரியில் பூமி அதிர்ந்து ஊரே தரைமட்டமானது. சனத்துக்குப் புது ஊரை வேறோர் இடத்தில் கட்டினார்கள். இடிந்த ஊரை அல்பெர்த்தோ பூரி என்ற ஓவியர் வெள்ளைச் சீமெந்தால் மூடினார், பழைய தெருக்களின் கோட்டிலேயே வெடிப்புப் போல வழிகள் விட்டு. 1980களில் தொடங்கிய வேலை, 2015இல்தான் முடிந்தது. சுவர் ஆள் உயரம்கூட வராது, நடந்தால் தலை வெளியே தெரியும். படம் எடுக்க வருகிறவர்கள் நிறைய. அப்பா வழிகளின் முடக்குகளை எண்ணிக்கொண்டு நடந்தார். என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டேன். "எந்த வீடு ஆரின்ரை எண்டு இவங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றார். உன்னைக் கூட்டிக்கொண்டு போவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை, நீ வந்த பிறகு கேட்கிறேன்.

கடலில் குளிக்க வேண்டுமென்றால் சிங்கரோ. அங்கே ரோட்டு இல்லை, அதுதான் அதன் பெருமை. 1980 மேயில் கரையோரமாக ரோட்டுப் போட வந்தபோது ஆயிரக்கணக்கானோர் நடைப்பயணம் போய்த் தடுத்தார்கள், அடுத்த வருடம் அது சிசிலியின் முதல் இயற்கைக் காப்பகம் ஆனது. 7 கிலோமீற்றர் ஒற்றையடிப் பாதை, அங்கங்கே சின்னக் குடாக்கள். வழிநெடுக இடுப்பளவு உயரத்தில் குட்டைப் பனை நிற்கும், முன்பு அதன் ஓலையில்தான் இங்கே கூடையும் விளக்குமாறும் செய்வார்கள். அம்மா ஓர் ஓலையைக் கிழித்து நடந்துகொண்டே குட்டான் இழைத்துவிட்டா. (காப்பகத்தில் ஓலை கிழிக்கக் கூடாது, தெரியும்.) தண்ணீர் நிறையக் கொண்டுவா, நிழல் கிடையாது.

கடைசியாகத் திகதி. நீ செப்டெம்பர் 5 வருகிறாயாம். ரிக்கற்றை மாற்றி 2ஆம் திகதி வா. 4ஆம் திகதி ரொசாலியாவின் நாள், அதற்கு முதல் இரவு ஊரே பழைய கற்பாதையால் மலை ஏறும், சிலர் வெறுங்காலோடு. நாங்கள் இரவு பத்துக்குப் புறப்படுவோம். முழங்கால் நோவால் அம்மா இரண்டு வருடமாகப் போகவில்லை. நீ வந்தால் தானும் வருவாவாம், வழியில் அஞ்சு தரம் இருந்து எழும்பி. நல்ல சப்பாத்துக் கொண்டுவா. அவவுக்கும் ஒன்று, அளவு 38.

அன்புடன்,
உன் மச்சாள்