இதயத் துடிப்புப் பயிற்சிக் கருவி தயாரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

உங்கள் கிளிப்பைக் காது மடலில் மாட்டிக்கொண்டு, நிமிடத்துக்கு 6 மூச்சு என்று நிதானமாக இழுத்து விடுபவர்களில் நானும் ஒருத்தி. என் தோளெலும்புக்குக் கீழே, இதயத்தைத் தட்டித் துடிக்க வைக்கும் பேஸ்மேக்கர் கருவி இருக்கிறது.

முதல் நாள் 10 நிமிடம் கண்ணை மூடிச் செய்தேன். திறந்து பார்த்தால், போன் திரையில் அலை அலையாக வர வேண்டிய கோடு ஸ்கேல் வைத்துப் போட்டது போல நேராகக் கிடந்தது. மேலே சிவப்பு விளக்கு. கீழே, 'மனதை இன்னும் தளர்த்துங்கள்.' மறுநாளும் அதேதான். இரண்டு வாரம் விடாமல் முயன்றேன். அமைதியாக இருக்கக்கூடத் தெரியவில்லையே என்று ஒரு நாள் அழுதுவிட்டேன்.

பேஸ்மேக்கர் பரிசோதனைக்குப் போனபோதுதான் விஷயம் புரிந்தது. உங்கள் கருவி பார்ப்பது துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே உள்ள இடைவெளியை. மூச்சை இழுத்தால் துடிப்பு கொஞ்சம் விரைவாகும், விட்டால் தணியும். மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு, ஒவ்வொரு துடிப்பையும் தொடங்கி வைக்கும் சைனஸ் முடிச்சுக்குச் சொல்லி நடக்கும் வேலை அது. என் சைனஸ் முடிச்சோ ஓய்ந்துவிட்டது. நான் சும்மா உட்கார்ந்திருந்தால் பேஸ்மேக்கர்தான் நிமிடத்துக்கு 60 என்று தட்டுகிறது, 1000 மில்லி செகண்டுக்கு ஒன்று. எப்படி மூச்சு விட்டாலும் அது மாறாது. (எல்லோருக்கும் இப்படியில்லை. சைனஸ் முடிச்சு நன்றாக இருந்து, மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே மட்டும் தடை உள்ளவர்களுக்கு அலை வரலாம்.)

சிவப்பாவது பரவாயில்லை, பச்சைதான் எனக்குப் பயம். என் அண்ணிக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் நடுங்கும் நோய். துடிப்பு தாறுமாறாகத்தான் வரும். இடைவெளி எவ்வளவு மாறுகிறது என்று மட்டும் பார்க்கும் கணக்கு, அந்தத் தாறுமாறையே நல்ல மாறுபாடு என்று எடுத்துக்கொண்டு அள்ளி மதிப்பெண் போட்டது. "பாரும்மா, என் இதயம் எவ்வளவு நல்லா இருக்குன்னு" என்று போனை நீட்டினார். அப்புறம், ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரையை இனி நிறுத்திவிடலாமா என்று கேட்டார். பக்கவாதம் வராமல் காக்கிற மாத்திரை அது! டாக்டரைக் கேட்காமல் ஒன்றைக்கூட விடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கிளம்பினேன்.

இது உங்களுக்குப் புதிய செய்தியும் இல்லை. முன்கூட்டியே வந்துவிடும் துடிப்புகள் இந்த அளவீட்டைக் கெடுக்கும் என்று ஐரோப்பிய, வட அமெரிக்க இதயவியல் அமைப்புகள் 1996இல் வெளியிட்ட வழிகாட்டியிலேயே இருக்கிறது.

ஆகவே கேட்கிறேன். ஆப்பை முதல்முறை திறக்கும்போதே, பேஸ்மேக்கர் உண்டா, துடிப்பில் ஒழுங்கின்மை உண்டா என்று கேளுங்கள். துடிப்பு ஒழுங்காக இல்லையென்றால் மதிப்பெண் போடாதீர்கள். 'இந்தத் துடிப்பை வைத்துக் கணக்கிட முடியவில்லை, மருத்துவரிடம் காட்டுங்கள்' என்று சொல்லிவிடுங்கள். கருவி ஒளியால் நாடி பார்க்கிறதா, அல்லது உடலுக்குள் மெல்லிய மின்சாரம் செலுத்துகிறதா என்பதை அட்டைப்பெட்டியிலேயே அச்சிடுங்கள். உள்ளே கருவி வைத்திருக்கும் எங்களுக்கு அது மிக முக்கியம்.

மூச்சுப் பயிற்சியை நான் விடவில்லை. 4 விநாடி இழுத்து 6 விநாடி விடுகிறேன், ராத்திரி தூக்கம் நன்றாக வருகிறது. மூச்சுக்கு ஏற்பத் திரையில் ஏறி இறங்கும் அந்தப் பந்து மட்டும் எனக்குப் போதும். மதிப்பெண்ணை மறைக்க ஒரு பொத்தான் வைத்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
பேஸ்மேக்கருடன் வாழும் ஒரு பயனர்