அலுவலகக் கணினியில் தமிழுக்கு அனுமதி கிடைக்குமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரையில் ஒரு தனியார் நிதி நிறுவனத்தின் நகைக்கடன் பிரிவில் வேலை பார்க்கிறேன். வாடிக்கையாளருக்குப் போகும் தமிழ்க் கடிதங்கள், ஏல நோட்டீஸ்கள் எல்லாம் எங்கள் பிரிவில்தான் தயாராகின்றன. அடகு நகையை ஏலம் விடும் முன் இரண்டு நாளிதழ்களில் விளம்பரம் தர வேண்டும், அதில் ஒன்று வட்டார மொழியில் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. தமிழில் தட்டச்சு செய்யாமல் எங்களுக்கு ஒரு நாளும் ஓடாது.

சென்ற ஆண்டு எங்கள் ஐடி பிரிவு எல்லாக் கணினிகளிலும் அட்மின் உரிமையை எடுத்துவிட்டது. இனி நாங்களாக எதையும் இன்ஸ்டால் செய்ய முடியாது. சரி, அதை நான் குறை சொல்ல மாட்டேன். 2017 மே மாதம் வான்னாக்ரை வைரஸ் பல நாடுகளில் கணினிகளை முடக்கியபோது, அதைத் தடுக்கும் விண்டோஸ் அப்டேட் மார்ச் மாதமே வந்திருந்தது. கடன் கணக்குகள் இருக்கும் கணினியில் அப்டேட்டை அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிவைக்கும் உரிமை யாருக்கும் வேண்டாம்.

ஆனால் அந்தத் தடையோடு சேர்ந்து தமிழ் எழுதும் மென்பொருளும் எழுத்துரு மாற்றியும் போய்விட்டன. எங்கள் பழைய கோப்புகள் வானவில், பாமினி எழுத்துருக்களில் இருப்பவை. எல்லாக் கணினிகளும் படிக்கும் பொது எழுத்து முறையான யூனிகோடுக்கு மாற்றாமல் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் கலந்து வரும். அவற்றைக் கேட்டு ஐடி பிரிவுக்கு டிக்கெட் (கோரிக்கை) போட்டால், "அனுமதிப் பட்டியலில் இல்லை", அதாவது அனுமதித்த மென்பொருள்களில் இது இல்லை என்ற ஒரு வரியோடு மூடிவிடுகிறார்கள். அந்தப் பட்டியலை எங்கள் கிளையில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

மாலைக்குள் நோட்டீஸ் போயாக வேண்டும். ஊழியர்கள் என்ன செய்வார்கள்? கூகுளில் தேடி, யார் நடத்துவது என்றே தெரியாத ஓர் இணையதளத்தில் நோட்டீஸை அப்படியே ஒட்டி மாற்றி எடுக்கிறார்கள். கடன் வாங்கியவர் பெயர், வீட்டு முகவரி, செல்போன் எண், எத்தனை பவுன், எவ்வளவு பாக்கி என எல்லாமே அதில் இருக்கும். மகள் கல்யாணத்துக்காக நகையை அடகு வைத்தவர் தன் சொந்தக்காரர்களிடம்கூடச் சொல்லாத விவரம் அது. வெளியே எதுவும் போகக் கூடாது என்று போட்ட தடையால்தான் இது வெளியே போகிறது. தனிநபர் தகவலைக் காக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. ஐடி பிரிவுக்கு இந்தச் சட்டம் தெரியும். கிளையில் ஒரு நோட்டீஸ் எப்படித் தயாராகிறது என்று மட்டும் தெரியாது.

இத்தனைக்கும் தமிழ்99 விசைப்பலகை விண்டோஸிலேயே இருக்கிறது. தமிழக அரசு 1999-லேயே ஏற்ற விசைப்பலகை அது. செட்டிங்ஸில் சேர்த்துக் கொடுத்தால் போதும். எழுத்துரு மாற்றிக்கு, இணையம் இல்லாமல் இயங்கும் ஒன்றை அவர்களே சோதித்து எல்லாக் கிளைகளுக்கும் போட்டுத் தரலாம்.

அனுமதிப் பட்டியலை ஊழியர்கள் பார்க்கும்படி வையுங்கள். ஒன்றைச் சேர்க்கக் கேட்டால் இத்தனை நாளுக்குள் பதில், மறுத்தால் அதற்கான காரணமும் மாற்று வழியும் என்று எழுத்தில் கொடுங்கள். புதிதாக எதையாவது தடுப்பதற்கு முன், அதை வைத்து வேலை பார்ப்பவர் பக்கத்தில் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். நிறுவனங்களின் ஐடி பிரிவுகளிடம் நான் கேட்பது இவ்வளவுதான்.

இப்படிக்கு,
நகைக்கடன் பிரிவு ஊழியர் ஒருவர்,
மதுரை.